விதையில்லாத் தர்பூசணிக்கு விதை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: விதையே இல்லாத பழம் என்றால் அடுத்த பயிருக்கு விதை எப்படி எடுக்கிறார்கள்? இது மரபணு மாற்றப் பயிரா?

அந்தப் பழத்திலிருந்து விதை எடுப்பதே இல்லை. அதைத் தரும் செடியின் தாய், தந்தை இரண்டுமே விதையுள்ள ரகங்கள். அந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்துதான் விதை உண்டாக்குகிறார்கள். வேறு உயிரின் மரபணு எதுவும் உள்ளே போவதில்லை. எல்லாம் குரோமோசோம் கணக்குதான்.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஜப்பானின் ஹிதோஷி கிஹாரா. கியோட்டோவில் கோதுமையை ஆராய்ந்தவர். 28 குரோமோசோம் கோதுமையையும் 42 உள்ளதையும் கலந்தால் 35 உள்ள கலப்பினம் வரும். அது சரியாக விதை பிடிக்காது. கலப்பின ஆராய்ச்சியில் இந்த மலட்டுத்தன்மை பெரிய தலைவலி. தர்பூசணியில் அதுவே வரமானது. 1937இல் அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் கோல்ச்சிசின் என்ற மருந்தால் செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டியிருந்தார்கள். அதை வைத்து கிஹாராவும் நிஷியாமாவும் உருவாக்கிய முறை 1947இல் அச்சானது. 1951இல் கிஹாரா ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை அதைப் பிற நாடுகளுக்கும் கொண்டுபோனது.

சாதாரணத் தர்பூசணிக்கு 22 குரோமோசோம், அதாவது 11 வீதம் 2 தொகுதி. இரட்டித்த செடிக்கு 44. இது நான்மடியம், அதாவது 4 தொகுதி. இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு 33, அதாவது 3 தொகுதி கொண்ட மும்மடியம். சூல் செல் உருவாகும்போது ஒரே வகைக் குரோமோசோம்கள் மூன்றும் ஒருபக்கம் 2, மறுபக்கம் 1 என்று பிரிய வேண்டும். எது எந்தப் பக்கம் என்பது நாணயம் சுண்டுவது போலத்தான். 11 கூட்டங்களும் ஒரே மாதிரி பிரிந்து, சரியாக 11 அல்லது 22 கிடைக்க வாய்ப்பு 1,024இல் 1. மற்றதெல்லாம் அரைகுறை எண்ணிக்கை. அதில் விதை முதிராது. பழத்தில் நாம் பார்க்கும் மெல்லிய வெள்ளைச் செதிள்கள் அப்படி வளராமல் நின்றுபோன விதையுறைகள்தான்.

இனி செய்முறை. நாற்று வித்திலைகளை விரிக்கும் பருவத்தில், நடுவிலுள்ள குருத்தில் 0.2 முதல் 0.4 சதவீதக் கோல்ச்சிசின் கரைசலைச் சொட்டாக வைப்பார்கள், சில நாள் தொடர்ந்து. கையுறை கட்டாயம், இது கடும் நஞ்சு. பல நாற்றுகள் செத்துவிடும். பிழைத்தவற்றிலும் சில கிளைகள் மட்டும் இரட்டித்திருக்கும், மீதி பழையபடியே இருக்கும். அதனால் இலை தடித்திருக்கிறது என்பதை மட்டும் நம்பக்கூடாது. இலையின் அடித்தோலை உரித்து நுண்ணோக்கியில் இலைத்துளையின் காப்புச் செல்களைப் பாருங்கள்: நான்மடியத்தில் பசுங்கணிகங்கள் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். ஆனால் இது இலையின் வெளித்தோலைப் பற்றி மட்டுமே சொல்லும். மகரந்தத்துக்கும் அடுத்த தலைமுறைக்கும் தனிச் சோதனை வேண்டும்.

கலப்பில் திசை முக்கியம். 44 உள்ளதுதான் தாய், 22 உள்ளது தந்தை. திருப்பிப் போட்டால் கருவுக்கு உணவூட்டும் கருவூண் திசுவில் தந்தையின் பங்கு மிகுந்து, விதை உள்ளீடற்ற சாவியாகப் போகும். பெண் மொட்டை முந்தின நாள் மாலையே உறையிட்டு, காலையில் பூ விரிந்ததும் தந்தை மகரந்தத்தைத் தடவி, மறுபடி மூட வேண்டும். சில ரகங்களில் பெண் பூவிலேயே மகரந்தப்பையும் இருக்கும். அதை மொட்டிலேயே கிள்ளிவிட வேண்டும். நான்மடியத் தாய் பழத்துக்குப் பெரும்பாலும் 100 விதைக்குள்தான் தரும். சாதாரணப் பழத்தில் பல நூறு இருக்கும். விதை விலை ஏன் அவ்வளவு என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய தந்திரம் எனக்குப் பிடிக்கும். தாய் வெளிர்த்தோல் ரகம், தந்தை வரித்தோல் ரகம். வரி ஓங்கு பண்பு, கலப்பில் அதுதான் வெளியே தெரியும். வயலில் வரியில்லாத காய் கண்ணில் பட்டால், தாய் தன்மகரந்தச் சேர்க்கையில் போட்ட விதை கலந்துவிட்டது என்று அர்த்தம்.

முளைப்பில்தான் பலர் தோற்கிறார்கள். மும்மடிய விதையின் உறை தடிப்பு, கரு சின்னது, நடுவே வெற்றிடம். ஊறவைத்தால் அந்த இடத்தில் நீர் நின்று, கரு மூச்சுமுட்டி அழுகும். ஊறவைக்காமல், லேசான ஈரத்தில், 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் முளைக்க விடுங்கள். கூர்முனை மேலே இருக்கும்படி ஊன்றினால், உறை வித்திலையில் ஒட்டிக்கொண்டு வருவது குறையும்.

விதையில்லாப் பழத்துக்கு மகரந்தம் தேவையில்லை என்று நினைப்பது தவறு. காய் பிடிக்க மகரந்தத்தின் தூண்டல் வேண்டும். மும்மடியத்தின் சொந்த மகரந்தம் பெரும்பாலும் சப்பை. ஆகவே 2 அல்லது 3 மும்மடியச் செடிக்கு 1 சாதாரணச் செடி, ஒரே சமயத்தில் பூக்கிற ரகமாக நட வேண்டும். தேனீயும் வர வேண்டும். மகரந்தம் போதாவிட்டால் பிஞ்சு உதிரும், அல்லது காய் கோணும். சில வெள்ளரி ரகங்கள் இதில் வேறு சாதி: மகரந்தமே இல்லாமல் வெள்ளரி காய்ப்பதைப் பார்த்துத்தான் 1902இல் ஜெர்மன் தாவரவியலாளர் நோல் கருவுறாக் கனியாதலுக்குப் பெயரிட்டார். விதையில்லாத் திராட்சை பெரும்பாலும் இரண்டிலும் சேராது. அங்கே கருவுற்ற பிறகு கரு பாதியில் நின்றுவிடுகிறது.

எப்போதாவது உங்கள் துண்டில் கறுப்பு விதை ஒன்று இருந்தால் உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே பருப்பு இருக்காது.