சர்ச் ஹாலை வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா?

சகோதரரே, பழைய வண்ணாரப்பேட்டையில் பாதிக் குடும்பங்கள் வீடு மாறிப் போய்க் காணிக்கை குறைந்துவிட்டது, ஹாலை டியூஷன் சென்டர், தையல் வகுப்பு, ஒரு தெலுங்கு சபை மூன்றுக்கும் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விடலாம்.

முதலில் கையெழுத்து யார் போடுவது என்று பாருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் சொத்து பொதுவாக அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். ஆயரும் கமிட்டியும் மட்டும் முடிவெடுத்தால் போதாது, பேராயத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

குத்தகை மாதிரி எழுதாதீர்கள். இந்தக் கிழமை, இந்த நேரம், சாவி சபையிடமே என்று உபயோக அனுமதியாக எழுதுங்கள். சாவி மொத்தமாகக் கைமாறினால் அப்புறம் காலி செய்யவைப்பது பெரும்பாடு.

வருமான வரித்துறையில் அறக்கட்டளைக்கான 12ஏபி பதிவுள்ள டிரஸ்ட் என்றால், பொதுமக்கள் வழிபடும் இடத்தின் வளாகத்தில் இருக்கும் ஹாலுக்கு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருக்கும்வரை ஜி.எஸ்.டி. கிடையாது. கரண்ட்தான் வம்பு. வழிபாட்டுத்தல கட்டணத்தில் வரும் இணைப்பில் டியூஷன் நடந்தால் கேள்வி வரும், தனி மீட்டர் போட்டுவிடுங்கள்.

தையல் வகுப்புக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் காந்தம் வைத்துத் தரையைத் துழாவ வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். சிரிக்காதீர்கள், மறுநாள் அதே தரையில் பாய் விரித்து உட்காருவது சண்டே ஸ்கூல் பிள்ளைகள். சண்டை வருவது வாடகையால் இல்லை. ஊசி, நாற்காலி, ஆம்ப்ளிஃபயர் இவற்றால்தான்.

தெலுங்கு சபைக்கு ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் கொடுங்கள். நம் ஆட்கள் பேசி முடித்துக் கலைய எப்படியும் ஒரு மணி ஆகிவிடும்.