ஒரே ஆராதனையில் எல்லா வயதினரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலைக்கு அனுப்பாமல், முழு ஆராதனையிலும் பெற்றோருடன் உட்கார வைக்கிறோம். மூன்று மாதமாகியும் ஒரே சத்தம், ஓட்டம். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
– சபைச் செயலர் ஒருவர்

பதில்: நிறுத்த வேண்டாம். ஆராதனை முறையை மாற்றாமல் பிள்ளைகளை மட்டும் உள்ளே அழைத்து வந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பல சபைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாற்பது நிமிடப் பிரசங்கம் அப்படியே இருக்க, நடுவில் ஒரு செய்கைப் பாட்டைச் செருகினால் போதாது.

அன்றைய ஆராதனை 70 நிமிடத்துக்குள் முடியட்டும். பிரசங்கம் 15 நிமிடம். அதையும் இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு பாட்டு வையுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள். முன்னால் இருப்பவரின் முதுகு மட்டுமே தெரிந்தால் எந்தப் பிள்ளையும் நெளியத்தான் செய்யும். முன்வரிசையில் இருந்தால் திருவிருந்து மேசையும், போதகரின் கைகளும் தெரியும். அதைப் பார்ப்பதே பாதி வேலை. ஆளுக்கொரு துணிப்பையில் வெள்ளைத்தாளும் நாலைந்து மெழுகு கிரேயான்களும் போதும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம்: மூடி உருண்டு ஓடும், பின்னாலேயே பிள்ளையும் ஓடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளைகளுக்கு உண்மையான பொறுப்பு கொடுப்பது. அவர்களை முன்னால் வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்பதும், வெகுளியான பதிலுக்குச் சபை முழுவதும் சிரிப்பதும் வேண்டவே வேண்டாம். சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. மாறாக, வேதபாடம் வாசிக்கக் கொடுங்கள். ஆறு முதல் எட்டு வசனம் போதும். பத்து நாள் முன்பே, 18 புள்ளி (பாயிண்ட்) அளவுப் பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு வாக்கியமாக அச்சிட்டுக் கொடுங்கள். நேபுகாத்நேச்சார் போன்ற பெயர்களைப் பிரித்து எழுதிக் காட்டுங்கள். சனிக்கிழமை மைக்கில் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். தன் குரல் ஸ்பீக்கரில் திரும்பி வருவதைக் கேட்டுத் திகைத்து நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. மேடையில் கால் வைத்து ஏற ஒரு முக்காலி இருக்கட்டும். தடுமாறினால் சொல்லிக்கொடுக்க ஒருவர் மட்டும் பக்கத்தில் நிற்கட்டும். இருக்கையிலிருந்து நாலு பேர் குரல் கொடுக்கக் கூடாது. முடிந்ததும் கைதட்டலும் வேண்டாம். பெரியவர் வாசித்தால் தட்டுகிறோமா?

'பிள்ளைகளுக்கு இடம் ஓய்வுநாள் பாடசாலைதானே' என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1780இல் இங்கிலாந்தின் கிளாஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் அந்தப் பள்ளியைத் தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் கற்பிக்க. ஆராதனைக்குப் பதிலாக அல்ல. அந்தப் பிள்ளைகளை ஆலயத்துக்கும் அழைத்துப் போனார்கள். பவுலின் நிருபங்கள் கூடிவந்த சபையில் வாசிக்கப்பட்டவை. எபேசியர் நிருபத்தின் 6ஆம் அதிகாரம் "பிள்ளைகளே" என்று நேராகவே கூப்பிடுகிறது. அவர்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

கேள்வி: பெரியவர்கள் பழைய ஞானப்பாட்டு கேட்கிறார்கள், வாலிபர் டிரம்ஸோடு புதுப்பாட்டு கேட்கிறார்கள். இரண்டு ஆராதனையாகப் பிரித்தால் என்ன?
– பாடகர் குழுத் தலைவர்

பதில்: பிரித்தால் சண்டை ஓயும். ஆனால் பேரனுக்குத் தாத்தாவின் பாட்டு தெரியாமல் போகும், தாத்தாவுக்குப் பேரனையே தெரியாமல் போகும். அதற்கு முன் சுருதியையும் சத்தத்தையும் சரிபாருங்கள். சண்டையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

புதுப்பாட்டுகள் பெரும்பாலும் தனிப்பாடகரின் குரலுக்குப் பதிவானவை. அதே சுருதியில் வாசித்தால் சபையார் உச்ச வரியில் வாயை மூடிக்கொள்வார்கள். மேல் ஸ்வரம் மேற்கத்திய 'டி'யைத் தாண்டாதபடி கீபோர்டில் டிரான்ஸ்போஸ் செய்து இறக்குங்கள். வயதானவர்களுக்கும் குரல் உடையும் பருவத்துப் பையன்களுக்கும் ஒரே நேரத்தில் உதவும். பழைய பாட்டுக்கும் இதே அளவுதான்.

'சத்தம் அதிகம்' என்று முதியவர்கள் சொல்வது பல நேரம் 'சொல் புரியவில்லை' என்பதுதான். வயதாக ஆக, கீச்சென்ற உயர் ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகின்றன. ச, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதை டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலும் கீபோர்டும் மூடிவிடுகின்றன. எனவே மொத்த வால்யூமைக் குறைக்கும் முன், சிம்பலைக் குறைத்துப் பாடுபவரின் மைக்கைத் தூக்குங்கள். ஒலியளவு காட்டும் செயலியைப் போனில் திறந்து நடு வரிசையில் வையுங்கள். 85 டெசிபலுக்குள் நிற்கட்டும். கச்சேரி அரங்குகளுக்கே உலக சுகாதார நிறுவனம் 2022இல் வைத்த உச்ச வரம்பு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். கைக்குழந்தை இருக்கும் ஆலயம் அதன் பக்கத்திலேயே போகக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் விழ வேண்டும், அதுவே சரியான அளவு.

புதுப்பாட்டு மாதத்துக்கு ஒன்றுதான். முதல் வாரம் காணிக்கை நேரத்தில் குழு மட்டும் பாடட்டும். அடுத்த மூன்று வாரமும் சபையோடு பாடுங்கள். ஒரே ஞாயிறில் மூன்று புதுப்பாட்டு என்றால் வாலிபரே முணுமுணுப்பார்கள்.

கேள்வி: வாலிபருக்குப் பொறுப்பு கொடுக்கத்தான் ப்ரொஜெக்டரும் சவுண்டும் கொடுத்தோம். ஆனாலும் ஒட்டாமல் இருக்கிறார்களே?
– வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்

பதில்: லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அடுத்த ஸ்லைடைத்தான் பார்ப்பார், ஜெபிக்க மாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறுக்கு மேல் ஒரே ஆளை அங்கே உட்கார வைக்காதீர்கள். அவர்களிடம் மன்றாட்டு ஜெபத்தை எழுதக் கொடுங்கள்: ஒரு வாலிபரும் ஒரு மூத்தவரும் சேர்ந்து, நான்கு விண்ணப்பங்கள், ஒவ்வொன்றும் மூன்று வாக்கியத்துக்குள். வியாழனுக்குள் போதகர் பார்த்துவிட வேண்டும். தேர்வு பயமும் மூட்டுவலியும் ஒரே ஜெபத்தில் வரும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் சந்திப்பு ஆலய வளாகத்தில், மற்றவர்கள் கண்முன் நடக்கட்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவருமாகத் தனியே இருக்கக்கூடாது. பெற்றோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிரசங்க நடுவில் குழந்தை அழுதால்?

பதில்: வாசல் ஓரத்தில் ஒரு வரிசையைக் காலியாக வையுங்கள். தாயோ தகப்பனோ வெளியே போய்த் திரும்பலாம். யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய உதவி. போதகர் அரை நிமிடம் குரலை உயர்த்தித் தொடர்ந்தால் போதும்.

கேள்வி: எல்லாம் இளையவர்களுக்கே செய்கிறீர்கள். எழுபதைத் தாண்டிய எங்களுக்கு?
– மூத்த வாசகி

பதில்: நியாயமான கேள்வி, அம்மா. யாத்திராகமம் 12:26இல் பிள்ளைகள் "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் மூத்தவர்கள். மாதம் ஒருமுறை ஒரு பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், மூத்தவர் ஒருவர் மூன்று நிமிடத்தில் பதில் சொல்லட்டும். கேள்வியை ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்தால்தான் பதில் நேரத்துக்குள் நிற்கும். 'எல்லோரும் எழுந்து நிற்போம்' என்பதை 'நிற்க முடிந்தவர்கள் நிற்போம்' என்று மாற்றச் சொல்லுங்கள். திரை கண்ணுக்கு எட்டாதவர்களுக்குப் பாட்டுத்தாள் 18 புள்ளியில், கறுப்பு எழுத்தில், பளபளக்காத தாளில் வாசலிலேயே கிடைக்க வேண்டும். அதை நீட்டும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுங்கள்; பெயர் சொல்லி வணக்கம் சொல்லப் பழகட்டும்.