சுற்றிய கட்டுக்குள் பூசணம் ஏன் வந்தது?

கால்நடை வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எனக்கு நான்கு கறவை மாடுகள் உள்ளன. சென்ற தை மாதம் கோ எஃப்.எஸ். 29 தீவனச் சோளத்தை அறுத்து, வாடகை இயந்திரத்தை வரவழைத்து நாற்பது சைலேஜ் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) கட்டுகள் போட்டுப் பாலித்தீன் உறை சுற்றி அடுக்கினேன். வைகாசியில் பிரித்தபோது ஏறக்குறைய பாதிக் கட்டுகளில் ஒரு சாண் ஆழத்துக்கு வெள்ளையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்திருந்தது. சில கட்டுகள் கொழகொழத்து, மூக்கை வைக்க முடியாதபடி நாறின. உறை விற்றவர் தன் சரக்கில் குறையில்லை என்கிறார். தவறு எங்கே? (வாசகர், திருப்புல்லாணி வட்டாரம்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. பூசணம் பிடித்தது காற்றுப் புகுந்ததால். கொழகொழத்து நாறியது ஈரம் மிகுந்ததால். பசுந்தீவனத்தைக் காற்றில்லாமல் அடைத்து வைத்தால், அதிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்புதான் மாதக்கணக்கில் தீவனத்தைக் கெடாமல் காக்கிறது. ஈரம் மிகுந்துவிட்டால் வேறு வகை நுண்ணுயிரிகள் முந்திக்கொண்டு பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. நீங்கள் சொல்லும் நாற்றம் அதனுடையது.

ஈரத்தை முதலில் பார்ப்போம். பூக்கும் தறுவாயில் அறுக்கும் சோளத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். தை மாதத்தில் நம் கடற்கரைப் பக்கம் காலைப்பனி நன்றாக இறங்குவதால், பனி காய்ந்த பிறகு அறுத்து, வயலிலேயே பரப்பி வெயிலில் வாடவிட்டு, மாலையில் நறுக்கிக் கட்டுப் போடுங்கள். நறுக்கிய தட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் இன்னும் வாட வேண்டும். திறந்தவுடன் பொலபொலவென்று உதிர்ந்தால் வாட்டம் மிஞ்சிவிட்டது. உருண்டை மெல்ல விரிந்து, உள்ளங்கையில் ஈரப்பசை மட்டும் தெரிந்தால் கட்டுப் போடலாம். கட்டியதை அன்றைக்கே, இயன்றவரை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சுற்றிவிட வேண்டும். இரவு முழுதும் சுற்றாமல் கிடந்த கட்டு உள்ளே சூடேறி, புளிப்புக்கு வேண்டிய சர்க்கரையைத் தானே எரித்துவிடும்.

இனி உறையைப் பற்றி. நீங்கள் பிரித்து எறிந்த உறையின் பக்கவாட்டில் ஒரு விரற்கடை அகலத் துண்டை வெட்டி, நகத்தால் ஒவ்வோர் அடுக்காகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். நான்குக்குக் குறைவாக இருந்தால் உங்கள் பூசணத்துக்குக் காரணம் அதுவே. இந்த உறையின் ஓர் அடுக்கு வழக்கமாக 25 மைக்ரான் கனம்தான்; இயந்திரம் அதை இழுத்துச் சுற்றுவதால் இன்னும் மெலிகிறது; போதாதற்கு வெப்பம் கூடக்கூடப் பாலித்தீன் வழியே காற்றுக் கசிவதும் கூடும். நம் பங்குனி, சித்திரை வெயிலுக்கும், முனை குத்தும் சோளத்தட்டைக்கும் ஆறு அடுக்கு வேண்டும் என்பது என் கருத்து. வாடகைக்கு வருபவர்கள் உருளை மிச்சம் பிடிக்க அடுக்கைக் குறைப்பதுண்டு. பக்கத்தில் நின்று எண்ணுவதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுக்குச் சரியாக இருந்தும் பூசணம் வந்திருந்தால் ஓட்டையைத் தேடுங்கள். பூசணம் எந்த இடத்திலிருந்து விசிறிபோல் விரிகிறதோ, அதற்கு நேர்மேலே உறையில் ஒரு துளை இருக்கும். நம் பக்கத்தில் அதைச் செய்வது பெரும்பாலும் சீமைக் கருவேல முள், அல்லது பனைமட்டையின் கருக்கு, அதுவும் இல்லையென்றால் காகமும் மயிலும். நான் முதன்முதலாகக் கட்டுப் போட்ட ஆண்டில், வெயில் படாதிருக்கட்டும் என்று கருவேல மரத்தடியில் அடுக்கி, மேலே பனையோலையும் போட்டு மூடினேன். நிழல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மேல் வரிசைக் கட்டுகள் எல்லாம் சல்லடையாகிவிட்டன. முள் பொறுக்கிய மணல் தரையில், தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். அந்தப் பக்கங்களில்தான் அடுக்கு அதிகம். பழைய மீன்வலை ஒன்றைக் கட்டுகள் மேல் படாமல், குச்சி நட்டு உயர்த்திக் கட்டினால் காகம் அண்டாது. துளை தென்பட்டால் அன்றே துடைத்துக் காயவைத்து, சைலேஜுக்கென்று விற்கும் பட்டையால் ஒட்டுங்கள். பார்சல் ஒட்டும் பழுப்புப் பட்டை இரண்டு நாள் வெயிலில் சுருண்டு விழுந்துவிடும்.

கேள்வி: பூசணம் பிடித்த பகுதியை மாட்டுக்குப் போடாமல் ஆடுகளுக்குப் போடலாமா? ஆடு எதையும் தின்னும் என்கிறார்களே. (வாசகி, சாயல்குடி)

பதில்: போடக்கூடாது, அம்மா. இந்த விஷயத்தில் மாட்டைவிட ஆடுதான் மென்மையானது. சரியாகப் புளிக்காத, காற்றுப் புகுந்த தீவனத்தில் லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி பெருகும். அது தாக்கிய ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாக வட்டமிடும், ஒரு பக்கத்துக் காது தொங்கும், வாயில் எச்சில் ஒழுகும். சினை ஆடு குட்டி வீசிவிடும். அப்படிக் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் பிழைப்பது அரிது. பூசணத்தையும், அதைச் சுற்றி ஒரு கையகல அளவுக்கு, நன்றாக இருப்பதுபோல் தெரியும் தீவனத்தையும் சேர்த்து எடுத்து எருக்குழியில் போடுங்கள். கட்டுக்குள் செத்த எலி கிடந்தால் கட்டு முழுவதையுமே ஒதுக்கிவிட வேண்டும். அதிலிருந்து வரும் பொட்டுலிசம் நஞ்சு கண்ணுக்கும் தெரியாது, மூக்கிலும் படாது.

கேள்வி: ஐப்பசி மழையை நம்பி விதைத்த சோளம், மழை நின்றுபோனதால் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. இதைச் சுற்றி வைத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: பாதி உண்மை. இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலும் உண்டாகும் ஹைட்ரோசயனிக் அமிலம் புளிக்கும்போது பெருமளவு குறைகிறது. ஆனால் எல்லாக் கட்டிலும் ஒரே அளவில் குறையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. யூரியா போட்டிருந்தால் வாடிய தட்டையில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும். அது ஓரளவுதான் குறையும். இடையில் ஒரு மழை பெய்து புதுக்குருத்து விட்டால் உடனே அறுத்துவிடாதீர்கள், அந்தக் குருத்தில்தான் நஞ்சு மிகுதி. பூக்கும்வரை காத்திருப்பதே நல்லது. வேறு வழியில்லாமல் சுற்றினால் ஆறு வாரம் திறக்காமல் வைத்து, பிரித்தபின் சில மணி நேரம் காற்றாட உதிர்த்துப் போட்டு, வைக்கோலுடன் கலந்து சிறிதளவே கொடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இரண்டே மாடுகள். ஐந்நூறு கிலோ கட்டாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறைகிறது. வாங்கலாமா? (வாசகர், உச்சிப்புளி)

பதில்: வேண்டாம். மாடு ஒன்றுக்கு நாளுக்கு 15 கிலோ என்று வைத்தாலும் இரண்டுக்கும் 30 கிலோதான்; பெரிய கட்டு முடியப் பதினாறு நாளுக்கு மேல் ஆகும். உறை பிரித்த தீவனம் நம் வெயிலில் மூன்றாம் நாளே சூடேறத் தொடங்கும். விலை சற்றுக் கூடினாலும் 60 கிலோ அளவுள்ள சிறு கட்டுகளாக வாங்குங்கள். முதல் வாரம் மாட்டுக்கு 5 கிலோவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பாலில் வாடை ஏறாமலிருக்கக் கறந்த பிறகு போடுங்கள். பிரித்ததும் புளித்த கஞ்சியின் மணம் வந்தால் நல்ல தீவனம். கள்ளின் வாடை வந்தால் அதில் ஈஸ்ட் பெருகியிருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டை மறுநாளுக்கு மிச்சம் வைக்காமல், பக்கத்துத் தொழுவத்தாருடன் பங்கிட்டாவது அன்றே தீர்த்துவிடுங்கள்.