ஏட்டுச்சுவடி புத்தகமா, பொருளா?

நூலகத் தகவலையும் அருங்காட்சியகத் தகவலையும் ஒரே தேடலுக்குள் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கல்லூரி நூலகர், காரைக்குடி: எங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளில் ஓடுகிறது. பக்கத்து அறையில் உள்ள சிறு அருங்காட்சியகத்தின் பதிவேடு எக்செல்லில் இருக்கிறது. இரண்டையும் டப்ளின் கோர் என்ற பொது விவரத் தரத்தின் 15 புலங்களுக்குள் கொட்டி ஒரே பட்டியல் ஆக்கிவிட்டால் வேலை முடிந்ததா?

ஒரே தேடல் பெட்டி கிடைத்துவிடும். ஆனால் பதில் தப்பாக வரும்.

'தேதி' என்ற ஒரு புலத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். கோஹாவில் அது மார்க் என்ற நூலகப் பதிவு வடிவத்தின் 264ஆம் புலத்திலிருந்து வருகிற பதிப்பாண்டு. உங்கள் எக்செல்லில் அதே தலைப்பின் கீழ் செய்த காலம், தோண்டி எடுத்த ஆண்டு, கூடத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டு மூன்றும் கலந்து கிடக்கும். அந்தந்த வரியை எழுதியவர் மனத்தில் எது இருந்ததோ அது. 12ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி 1961இல் கூடத்துக்கு வந்திருந்தால், இந்தக் கலவையில் அது கண்ணதாசன் காலத்துச் சிலையாகிவிடும். 'ஆக்கியவர்' புலத்திலும் இதே கதைதான். புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் இருக்கும், சிலைக்கு நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் சிடாக் சிஆர்எம் என்ற பொதுத் தரவு மாதிரி வந்தது. அருங்காட்சியகங்களின் உலக அமைப்பான ஐகாமின் ஆவணப்படுத்தல் குழு 1996 முதல் வளர்த்தெடுத்தது. 2006இல் அது ஐஎஸ்ஓ 21127 என்ற தரமாயிற்று. நூலகர்களின் உலக அமைப்பான இஃப்லா 1998இல் எஃப்ஆர்பிஆர் என்ற தன் மாதிரியை வெளியிட்டிருந்தது. 2003 முதல் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த இரண்டையும் இணைத்தன. அந்த இணைப்பின் இன்றைய வடிவத்துக்கு எல்ஆர்எம்ஓஓ என்று பெயர்.

இதன் சூட்சுமம், பொருளுக்கு நேராகத் தேதி ஒட்ட விடமாட்டார்கள் என்பதுதான். பொருளுக்கும் தேதிக்கும் நடுவில் ஒரு நிகழ்வு இருந்தாக வேண்டும். திருமேனியை வார்த்தது ஒரு நிகழ்வு (ஈ12; இங்கே ஈ என்று தொடங்குபவை சிஆர்எம் வகுப்பு எண்கள், பி உறவு எண்கள், எஃப் எல்ஆர்எம்ஓஓ வகுப்பு எண்கள்). அதற்கு ஒரு காலம், ஓர் இடம், ஒரு ஆள். மண்ணிலிருந்து எடுத்தது இன்னொன்று. 1961இல் உங்கள் உடைமையானது வேறொன்று (ஈ8). மூன்று ஆண்டுகளும் மூன்று நிகழ்வுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். புத்தகம் அச்சானதும் அப்படி ஒரு நிகழ்வே என்பதால், நூலகமும் அருங்காட்சியகமும் அங்கே சந்தித்துக்கொள்கின்றன.

அருங்காட்சியகவியல் மாணவி, சென்னை: சிஆர்எம்மில் எண்பது வகுப்பு, நூற்றறுபது உறவு என்கிறார்கள். அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சிறு கூடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வகுப்புகளே தாராளம்: மனிதர் ஆக்கிய பொருள், உற்பத்தி, உடைமை மாற்றம், காவல் மாற்றம், ஆள், குழு, இடம், காலம், அடையாள எண், வகை, தாங்கியிருக்கும் வாசகம். மற்றவற்றைத் தேவை வரும்போது திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவடிக் காப்பாளர், திருநெல்வேலி: ஏட்டுச்சுவடியை நூலகர் புத்தகம் என்கிறார், கூடத்துக்காரர் பொருள் என்கிறார். இந்த மாதிரியில் அதை எங்கே வைப்பது?

இருவர் சொல்வதும் சரி. ஒரே பதிவில் இரண்டையும் திணிக்கும்போதுதான் தகராறு வருகிறது.

கையில் இருக்கும் கட்டு ஒரு பொருள் (ஈ22). ஏடுகளின் எண்ணிக்கை, நீள அகலம், மரச்சட்டம், கயிறு, பூச்சி அரித்த இடம் எல்லாம் இதோடு போகும். அந்தக் கட்டு தாங்கியிருக்கும் (பி128) வாசகம் வேறு (எஃப்2). அந்த வாசகம் எந்தப் படைப்பின் வடிவமோ அந்தப் படைப்பு (எஃப்1) இன்னும் மேலே. அச்சு நூலுக்கு வாசகத்துக்கும் பிரதிக்கும் நடுவில் 'பதிப்பு' (எஃப்3) என்று ஒரு படி உண்டு. சுவடியை அந்தப் படி இல்லாமலே பதியலாம், ஏனென்றால் யாரும் அதை ஆயிரம் பிரதி அடிக்கவில்லை. எல்ஆர்எம்ஓஓவின் முந்தைய வடிவமான எஃப்ஆர்பிஆர்ஓஓவின் வழிகாட்டிகளில் இதற்கென எஃப்4 என்று ஒரு வகுப்பு இருக்கும். புதிய மாதிரியில் அதை எடுத்துவிட்டார்கள், பின்பற்ற வேண்டாம்.

ஒரு மாதிரிக் கட்டை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 142 ஏடு. முதல் 96இல் சீவக சிந்தாமணி மூலம், மீதியில் ஒரு வைத்திய நூல். கையெழுத்து முழுக்க ஒன்றே என்றால் ஒரு பொருள், இரண்டு வாசகம் என்று விட்டுவிடலாம். கை மாறினால், அல்லது ஏட்டின் அகலம் மாறினால், பிற்காலத்தில் யாரோ இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அப்போது கட்டை இரண்டு பாகமாகப் பிரித்து (பி46), ஒவ்வொன்றுக்கும் தனி உற்பத்தி நிகழ்வு கொடுங்கள். ஏட்டெண்ணில் இரண்டு கணக்கு வேண்டும்: இருப்பில் உள்ள ஏடு எத்தனை, ஏட்டின் ஓரத்தில் தமிழ் எண்ணில் எழுதியிருப்பது எதுவரை. 37ஆம் ஏடு காணாமல் போயிருப்பதை முதல் கணக்கு மட்டும் காட்டிக் கொடுக்காது.

கடைசி ஏட்டில் 'கொல்லம் 1018, சுபகிருது வருஷம், ஆவணி மாதம் எழுதி நிறைந்தது' என்று இருக்கிறதென வையுங்கள். கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால், ஆவணியில் தொடங்கும் அந்த ஆண்டின் முற்பகுதிக்கான ஆங்கில ஆண்டு வரும்: 1842. சுபகிருதுவும் 1842–43தான், பொருந்துகிறது. ஆகவே ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஓரிரு நாள் தளர்வு விட்டு, தொடக்க எல்லை 1842-08-13, முடிவு எல்லை 1842-09-16 என்று பதியுங்கள். ஏட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் தனியே வையுங்கள்.

கொல்லம் எண் அரித்துப்போய் வெறும் 'சுபகிருது' மட்டும் இருந்தால்? அறுபது வருடத்துக்கு ஒரு சுபகிருது. 1782–83, 1842–43, 1902–03 மூன்றுமே சாத்தியம். பிடித்த ஒன்றை எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வெளி எல்லையாக 1782 முதல் 1903 வரை கொடுத்து, மூன்று வாய்ப்பையும் குறிப்பில் எழுதுங்கள். எழுத்தமைதியை வைத்து '1842தான்' என்று ஓர் அறிஞர் சொன்னால், அதையும் ஒரு நிகழ்வாகவே பதியலாம் (ஈ13): யார் சொன்னார், எப்போது, எதை வைத்து. நாளை இன்னொருவர் மறுத்தால் இரண்டு கருத்தும் அடித்துத் திருத்தாமல் நிற்கும்.

அடிக்கடி பார்க்கிற தவறு, சிந்தாமணிச் சுவடிக்கு '10ஆம் நூற்றாண்டு' என்று போட்டிருப்பது. அது திருத்தக்க தேவர் பாடிய காலத்தைப் பற்றிய கணிப்பு, படைப்பு நிகழ்வோடு போக வேண்டியது. நம் வெயிலிலும் ஈரத்திலும் பனையோலை அவ்வளவு காலம் தாங்காது. உங்கள் கட்டின் தேதி அதைப் பெயர்த்து எழுதியவரின் தேதிதான்.

இனி நூலகப் பக்கம் வருவோம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். மூலம் ஒரு படைப்பு, உரை தனியாக இன்னொரு படைப்பு. அவர் பல சுவடிகளை ஒப்புநோக்கி நிறுவிய பாடம் மூலத்தின் ஒரு வாசகம். 1887 பதிப்பு அந்த வாசகத்தையும் உரையின் வாசகத்தையும் சேர்த்துத் தாங்குகிறது. உங்கள் அலமாரியில் சேர்க்கை எண்ணோடு நிற்பது அந்தப் பதிப்பின் ஒரு பிரதி (எஃப்5). உங்கள் சுவடியும் இந்தப் பிரதியும் 'சீவக சிந்தாமணி' என்ற ஒரே எஃப்1 கணுவில் போய்ச் சேர்கின்றன. இரண்டு துறைக்கும் நடுவே பாலம் அந்த ஒரு கணுதான்.

இரண்டு சுவடிக்கு ஒரே எஃப்2 கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கொடுக்காதீர்கள். இரண்டிலும் ஒரே பாடம் என்று சொல்ல யாராவது ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். தனித்தனியாக வைத்திருந்தால் பின்னால் இணைப்பது ஒரு வரி வேலை. சேர்த்துவைத்ததைப் பிரிப்பதற்குள் தலைவேதனை.

வழக்கறிஞர், கும்பகோணம்: சிலைத் திருட்டு வழக்குகளில் இதெல்லாம் பயன்படுமா?

நேரடியாகவே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பியது. கோயிலில் இருந்தபோது எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்பில் இருந்தது. படம் ஓர் ஆவணக் காப்பகத்தில், சிலை கண்டம் தாண்டி ஒரு கூடத்தில். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன, மனிதக் கண்தான் பொருத்திப் பார்த்தது.

மாதிரியில் அந்தப் படம் ஒரு பொருள், அது ஒரு சிலையைச் சித்திரிக்கிறது (பி62). கோயில் பதிவில் உள்ள பெயரும் கலைக்கூடத்தின் எண்ணும் ஒரே ஈ22க்கு உரிய இரண்டு அடையாளங்கள். சட்டம் படித்த உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இடம் இது: உடைமை மாறுவது (ஈ8) வேறு, காவல் மாறுவது (ஈ10) வேறு. திருட்டு ஒரு காவல் மாற்றம் மட்டுமே, அங்கே உடைமை மாறவில்லை. 'கைமாறியது' என்று ஒரே புலத்தில் எழுதும் பதிவேட்டில் இந்த வேறுபாடு கரைந்துவிடும். விற்றவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதிய வரிக்கு, சொன்னவர் யார் என்று ஈ13இல் கட்டாயம் பதிய வேண்டும்.

தகவல் தொழில்நுட்பர், கோவை: ஒரே ஆசிரியரின் பெயர் இரண்டாக விழுகிறது. ஔவையாரைத் தேடினால் பாதிதான் வருகிறது.

உங்கள் ஔவையார்களில் பாதிப்பேர் 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டச்சு ஆனவர்கள். திரையில் 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். யூனிகோடு இயல்பாக்கமான என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, தேடி மாற்றும் விதி ஒன்றை நீங்களே எழுத வேண்டும். கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்த 'கொ' போன்றவற்றை என்எஃப்சி ஒன்றாக்கிவிடும். துணைக்காலுக்குப் பதில் 'ர' அடித்திருப்பதையும் பாருங்கள், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் அது நிறைய.

எழுத்தைச் சரிசெய்தபின் எதிர்ப்பக்க ஆபத்து ஒன்று. சங்கப் பாடல் பாடிய ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் வேறு வேறு ஆட்கள். தரவைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருள் பெயர் ஒற்றுமையைப் பார்த்து இருவரையும் ஒன்றாக்கத் துடிக்கும். தானியங்கி இணைப்பை அணைத்துவிட்டு, ஆளை அடையாளம் காட்டும் பொது எண்களான விக்கிடேட்டா எண்ணோ வியாஃப் எண்ணோ கொடுக்கும்முன் ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள்.

ஆசிரியை, மயிலாடுதுறை: பூம்புகாரில் கிடைத்த பொருள், பழைய பதிவேட்டில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருக்கிறது. திருத்திவிடலாமா?

திருத்தாதீர்கள். அன்று அது தஞ்சாவூர் மாவட்டம், 1991க்குப் பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் உங்கள் மயிலாடுதுறை. கண்டெடுத்த இடத்தைப் பூம்புகார் என்ற இடக் கணுவோடு இணையுங்கள். மாவட்டத்தை அந்தக் கணு பார்த்துக்கொள்ளும்.

சிறு அருங்காட்சியகப் பொறுப்பாளர், மதுரை: 600 பொருள், இரண்டு ஆள், பணம் இல்லை. எங்கே தொடங்குவது?

20 பொருளில் தொடங்குங்கள். சுலபமான 20 வேண்டாம்: இரண்டு நூல் உள்ள சுவடி, தேதியில்லாத சிலை, நன்கொடையாளர் தகராறு உள்ள ஒன்று, ஜோடியில் ஒன்று தொலைந்த விளக்கு என்று தொல்லை பிடித்தவையாகப் பொறுக்குங்கள். ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாளில் வட்டமும் கோடுமாக வரையுங்கள். இருவரும் தனித்தனியாக வரைந்து ஒப்பிடுவது நல்லது. வேறுபடும் இடத்தில் ஒரு முடிவெடுத்து எழுதி வையுங்கள், அதுதான் உங்கள் பொருத்த விதி. இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

பிறகு எக்செல். சேர்க்கை எண் 3-12 என்று இருந்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும், 0045இல் முன் சுழியங்களைத் தின்றுவிடும். கோப்பைத் திறக்கும் முன்பே அந்தப் பத்தியை 'உரை' என்று அறிவித்து இறக்குமதி செய்யுங்கள். ஒருமுறை கெட்டால் கையெழுத்துப் பதிவேட்டை வைத்துத்தான் மீட்க முடியும். ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இணைய முகவரி ஒன்று தேவை. அதைச் சேர்க்கை எண்ணிலிருந்து செய்யாதீர்கள், தள்ளுபடி செய்த பொருளின் எண்ணை வேறு பொருளுக்குக் கொடுத்திருப்பார்கள். அர்த்தமில்லாத வரிசை எண்ணே உத்தமம்.

ஓப்பன்ரிஃபைனில் சுத்தம் செய்து, கிரீட் தீவின் ஃபோர்த் நிறுவனம் இலவசமாகத் தரும் எக்ஸ்3எம்எல் கருவியால் உங்கள் விதிப்படி ஆர்டிஎஃப் என்ற இணைப்புத் தரவு வடிவமாக ஆக்கி, அப்பாச்சி ஜீனாவின் ஃபுசேகி என்ற தரவுக் கிடங்கில் ஏற்றலாம். சாதாரண மேசைக் கணினியே 600 பொருளைத் தாங்கும். ஏற்றிய உடனே, ஆர்டிஎஃப் தரவைச் சரிபார்க்கும் ஷாக்கல் விதிகளால் சோதியுங்கள்: உற்பத்தி நிகழ்வு இல்லாத பொருள் எத்தனை, முடிவு தொடக்கத்துக்கு முன் வரும் காலம் எத்தனை. முதல் ஓட்டத்தில் பட்டியல் நீளமாகத்தான் வரும். வெளியே காட்டும் பிரதியில் பெட்டக எண்ணும் காப்பீட்டு மதிப்பும் போய்விடக் கூடாது. அவற்றை ஆர்டிஎஃப் ஆக்குவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள், பின்னால் மறைத்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.

நூலக உதவியாளர், சேலம்: இதற்காக கோஹாவைத் தூக்கிவிட வேண்டுமா?

கூடவே கூடாது. புத்தகம் கொடுக்கல் வாங்கல் அதிலேயே நடக்கட்டும். அதில் பதிவுகளை வேறு மென்பொருள் எடுத்துக்கொள்ள விடும் ஓஏஐ-பிஎம்எச் என்ற வசதி இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கிவிட்டால், முந்தைய இரவுக்குப் பிறகு மாறிய பதிவுகளை மட்டும் வாங்கி உங்கள் விதிப்படி மாற்றிக்கொள்ளலாம். திருத்தம் எதுவானாலும் கோஹாவிலோ எக்செல்லிலோ செய்யுங்கள். ஃபுசேகியில் நேரே கை வைத்தால் மறுநாள் இரவு அது அழிந்துபோகும்.