ஒரே வீட்டுக் குரல்கள்

கேள்வி: அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய ராக், பாப் இசைக்குழுக்களில் தங்களுக்குப் பிடித்தது எது? பிரிட்டனின் ஒயாசிஸ் குழுவைப் போலச் சண்டையில் முடிவதுதான் அவற்றின் தலையெழுத்தா?

பதில்: என் மனம் பீ ஜீஸ் குழுவிடம்தான் இருக்கிறது. அண்ணன் பாரி கிப்பும், அவருடைய இரட்டைத் தம்பிகளான ராபினும் மாரிஸும் ஒரே வீட்டில் ஒரே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால், சேர்ந்து பாடும்போது அம்மூன்று குரல்களும் இழையும் விதம் பயிற்சியால் மட்டும் எட்டக்கூடியதன்று என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்குள்ளும் பிணக்கு வந்தது; 1969-இல் விலகிய ராபின் மறு ஆண்டே திரும்பினார். ஒயாசிஸின் நோயல், லியம் காலகர் சகோதரர்களோ 2009-இல் பாரிஸில் மோதிப் பிரிந்து, மீண்டும் ஒரே மேடையேற 2025 வரை ஆயிற்று. அந்த ஆண்டுகளைப் பெரும் இழப்பாகவே கருதுகிறேன். நோயல் எழுதிய மெட்டுகளுக்கு லியமின் கரகரத்த குரலைப் போல வேறெதுவும் பொருந்தவில்லை.