அவித்த மாவில் பாண் எழும்பாது, தங்கச்சி

நாவிதன்வெளிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வீட்டில் ஆறு பேர். மாரி பிடித்தால் கிட்டங்கி வீதிக்கு மேலால் தண்ணீர் போகும், கல்முனையிலிருந்து வருகிற பாண் ஓட்டோ நின்றுவிடும், இரண்டு நாளில் பக்கத்துக் கடையிலும் மா முடிந்துவிடும். 2022 தட்டுப்பாட்டில் பட்ட பாடு போதும் என்று இந்த முறை நேரத்தோடு 10 கிலோ கோதுமை மா வாங்கி, வண்டு பிடிக்காமல் இருக்க மாமி சொன்னபடி பாதியை அவித்து அரித்து வாளியில் போட்டு மூடி வைத்திருக்கிறார். அந்த வாளியில் எடுத்து இரண்டு தரம் பாண் சுட்டுப் பார்த்தாராம். இரண்டு தரமும் கல். இப்போது ஊருக்கு வந்து போகும் ஒருவர், 50 கிலோ மூடை ஒன்றைக் கடை விலையிலும் குறைத்துத் தருகிறேன் என்கிறாராம். ஈஸ்ட் பிழையா, கை பிழையா, மூடையை வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

கை பிழையில்லை. ஈஸ்டும் அநேகமாகப் பிழையில்லை. மாவை அவித்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கோதுமை மாவில் ஒரு புரதம் இருக்கிறது, தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய அது இறப்பர் மாதிரி இழுபடும், ஈஸ்ட் விடுகிற காற்றை பலூன் மாதிரிப் பிடித்து வைப்பதும் அதுதான். அந்தப் பிடி இருந்தால் பாண், இல்லாவிட்டால் கல். மாவை ஆவியில் வைக்கும்போது அந்தப் புரதம் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இறுகிப் போகும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் இழுபடாது. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் நாம் மா அவிப்பதே அதற்காகத்தானே, இழுபடாமல் உதிரியாக வரட்டும் என்றுதானே. மாமி சொன்னது இடியப்பத்துக்குச் சரி. நீங்கள் அதைப் பாணுக்கு எடுத்ததுதான் வினை.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் 5 கிலோ அவித்த மா கிடக்கிறது, தட்டுப்பாட்டு நேரத்தில் அதை மாட்டுக்கு வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பச்சை மா ஐந்து பங்குக்கு அவித்த மா ஒரு பங்கு என்று கலந்தால் பாண் எழும்பும். கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், ஆனால் பாண்தான். ஐந்துக்கு ஒன்று என்றால் ஐந்துக்கு ஒன்று, அவித்த மா கூடக் கூடப் பாண் உயரம் குறையும், பாதிக்குப் பாதி என்றால் நீங்கள் ஏற்கெனவே கண்ட கல்தான். கலக்கும்போது தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி கூடக் கேட்கும், அவிந்த மா தண்ணீர் குடிக்கும். அரைகுறையாகத்தான் அவித்தேன், நடுவில் பச்சையாக இருந்தது என்றாலும் அவித்த மா என்றே கணக்குப் பண்ணுங்கள். வறுத்த மாவுக்கும் இதே கணக்கு. ஆட்டா மாவை அவித்து வைத்திருந்தால் அதைக் கலக்கவே வேண்டாம், அதில் தவிடும் இருக்கிறது, இரண்டு தடையும் சேர்ந்தால் ஈஸ்ட் பாவம். இப்போதே வாளியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். சூட்டோடு மூடியிருந்தால் மூடியில் வேர்த்து, ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும், அப்படியென்றால் கலக்கவும் வேண்டாம், இடியப்பமும் வேண்டாம்.

சரி, மூடைக்கு வருவோம். வாங்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ மாவில் 450 கிராம் பாண் மூன்று வரும், கொஞ்சம் மிஞ்சும். ஆறு பேருக்கு ஒரு நேரத்துக்கு இரண்டு பாண் என்றால் 650 கிராம் மா. ஒன்றைவிட்டு ஒருநாள் சுட்டால் பதினைந்து நாளைக்கு 5 கிலோ காணும். ரொட்டிக்கும் பிட்டுக்கும் இன்னொரு 5 கிலோ. 50 கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? எங்கள் கரையோரச் சூட்டிலும் ஈரத்திலும் கோதுமை மா நல்ல மூடியுள்ள வாளியில் மூன்று மாதம் தாங்கும், வாய் திறந்த மூடையில் அதில் பாதியும் தாங்காது. ஆட்டா என்றால் அதற்கு முதலே எண்ணெய்க் காறல் அடிக்கும்.

விலை குறைவு என்பதுதான் எனக்கு இன்னும் பயம். தட்டுப்பாடு வரப்போகிற நேரத்தில் ஒருவர் கடை விலையிலும் குறைத்து மா தருகிறார் என்றால் அவர் தர்மம் செய்ய வரவில்லை. இந்தத் தொழிலில் முப்பது வருடம் போறணைக்கு முன்னால் நின்றவன் சொல்கிறேன். வண்டு பிடித்த மூடைகளைப் பேக்கரிகள் கழித்துவிடும், அல்லது களஞ்சியத்தில் நனைந்த மூடைகளை ஏலத்தில் எடுப்பார்கள், அரித்து, காயவைத்து, நல்ல மூடைக்குள் கொட்டித் தைத்து ஊருக்குள் இறக்குவார்கள். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு வியாபாரி கொண்டுவந்த நாலு மூடை, பார்வைக்குப் பால் மாதிரி மா, பிசைந்தபோதுதான் ஆஸ்பத்திரி மருந்து மாதிரி ஒரு நெடி. அன்றைக்குச் சுட்ட பாண் முழுவதும் கோழிக்குத்தான் போனது, கோழியும் யோசித்துத்தான் தின்றது.

அந்த நெடி எங்கே இருந்து வருகிறது தெரியுமா? மாவில் பிடிக்கும் சின்னச் செந்நிற வண்டு ஒருவித நீரை விடும், கூடிப்போனால் மா லேசாக இளஞ்சிவப்பு அடிக்கும், கார நெடி வரும். வண்டை அரிக்கலாம், நெடியை அரிக்க முடியாது. ஆகவே மூடையை வாங்கத்தான் போகிறேன் என்று நின்றால், முதலில் தையலைப் பாருங்கள். ஆலையில் தைத்தது ஒரே நேர்வரியில் சங்கிலி மாதிரி ஓடும், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுக்கக் கழன்று வரும். கையால் தைத்த கயிறு, அதற்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் ஒரு வரிசை, இதைக் கண்டால் பேச்சை வளர்க்காமல் வந்துவிடுங்கள். பிறகு ஒரு கைப்பிடி மாவை இறுக்கிப் பொத்திப் பாருங்கள், கை விரித்ததும் உருண்டை நின்று, தொட்டால் உதிர வேண்டும். கல்லுக் கட்டியாக இருந்தால் நனைந்த மா. மாவுக்குள் சிலந்தி நூல் மாதிரி இழை தெரிந்தால் புழு குடும்பம் நடத்துகிறது.

‘மா வேண்டுமென்றால் இந்தச் சவர்க்காரத்தையும் சேர்த்து எடுங்கள்’ என்ற வியாபாரமும் 2022இல் நடந்ததுதான். பதுக்குவதும், இருப்பை வைத்துக்கொண்டு இல்லையென்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி குற்றம், முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. சட்டம் எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பாண் 450 கிராம் இருக்கிறதா என்று தராசு கொண்டு பேக்கரிக்கு வருகிறவர்கள், மழைக்கு முதல்நாள் இரவு எந்த வீட்டு விறாந்தையில் எத்தனை மூடை அடுக்கியிருக்கிறது என்று ஏன் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வெள்ளம் வருடா வருடம் அதே வீதியில்தான் போகிறது, கிட்டங்கியிலும் கிரான் புலிபாய்ந்தகல்லிலும். நாட்கணக்கு எல்லாருக்கும் தெரியும். உலர் உணவுப் பொதி மட்டும் தண்ணீர் வடிந்த பிறகு வரும். இந்த நாட்டில் ஒரு மணி கோதுமை விளைவதில்லை, அம்பாறையில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல், நாங்கள் அமெரிக்கன் மா என்று பெயர் வைத்த சாமானுக்கு வரிசையில் நிற்கிறோம். 2022 மே 13இல் இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியதும் எங்களூர்ப் பேக்கரிக்காரருக்கு வயிறு கலங்கியது இதனால்தான். சரி, இதைப் பேசினால் பாண் வேகாது.

உங்களிடம் மிச்சம் இருக்கிற பச்சை மாவில் இப்படிச் செய்யுங்கள். 1 கிலோ பக்கற்றில் பாதி, அதாவது 500 கிராம். தண்ணீர் 300 மில்லிலீற்றர், அளவுக்கிண்ணம் இல்லாவிட்டால் 500 மில்லி சோடாப் போத்தலில் பாதிக்கு மேல் ஒரு விரல் அகலம் தண்ணீர் கூட. ஈஸ்ட் தேக்கரண்டியால் தட்டையாக ஒன்றரை, சீனி இரண்டு, உப்பு ஒன்றரை, தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கேத்தலில் இருந்து சுடச்சுடத் தண்ணீர் விடாதீர்கள், ஈஸ்ட் உயிருள்ள சாமான், செத்துப்போகும். எங்கள் ஊர்ச் சூட்டுக்குக் கிணற்றுத் தண்ணீரே காணும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள், ஒரு துண்டை இரண்டு கையாலும் மெதுவாக விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும். அவித்த மாவில் இதைச் செய்து பாருங்கள், ஒரு அங்குலத்திலேயே அறுந்துவிடும், நான் சொன்னது அப்போது கண்ணால் விளங்கும்.

புளிக்க வைப்பதில்தான் வீட்டுக்காரர் எல்லாரும் பிழைவிடுவது. புத்தகத்தில் இரண்டு மணித்தியாலம் என்று இருக்கும், அது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே முக்கால் மணித்தியாலத்தில் மா இரட்டித்துவிடும், கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரட்டித்ததும் அமுக்கிக் காற்றை எடுத்து, உருட்டி, எண்ணெய் பூசிய தகரத்தில் பாதிக்கு வருகிற மாதிரி வைத்து, விளிம்பைத் தொட வரும்போது நெருப்புக்கு. காலையில் பிசைந்து மத்தியானம் வரை விட்டால் புளித்து இறங்கிவிடும்.

சமையல் காஸை இதற்குச் செலவழிக்க வேண்டாம். கேக் சுட எங்கள் அம்மாமார் செய்ததுதான், கீழேயும் மேலேயும் நெருப்பு. அடிகனத்த பெரிய சட்டியில் ஒரு அங்குலம் காய்ந்த ஆற்றுமணல் பரப்பி, மூடி, விறகில் கால் மணித்தியாலம் சூடாக்குங்கள். மணலின் மேல் ஒரு சின்ன ஓட்டுத் துண்டை வைத்து அதன்மேல் தகரம். பிறகு கீழே நெருப்பைக் குறைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் நிறையப் போடுங்கள். மேலே இரண்டு பங்கு, கீழே ஒரு பங்கு. தலைகீழாகச் செய்தால் அடி கருகி மேல் வெள்ளையாக இருக்கும். முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் எடுத்து அடியில் விரலால் தட்டினால் தேங்காய் தட்டுகிற மாதிரி வெறும் சத்தம் வர வேண்டும். மழைக்குப் பயந்து இந்தத் தணலை மூடிய அறைக்குள் மட்டும் கொண்டுபோக வேண்டாம், அதன் வாயு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். கதவு யன்னல் திறந்த குசினி, இல்லாவிட்டால் கூரை இறக்கிய விறாந்தை.

ஈஸ்ட் வாங்கும்போது உதிரியாகச் சொப்பிங் பையில் கட்டித் தருவதை வாங்காதீர்கள், மூடைக்காரரின் தம்பிதான் அவரும். 500 கிராம் பக்கற் காற்றெடுத்து அடைத்தது செங்கல் மாதிரி விறைப்பாக இருக்கும், அமுக்கி மெத்தென்றால் ஓட்டை. உங்களுக்கு 11 கிராம் பக்கற்கள் ஐந்தாறு போதும். ஈஸ்ட் கிடைப்பது கஷ்டமென்றால்? சுடுகிற அன்று பிசைந்த மாவில் ஒரு எலுமிச்சங்காய் அளவு எடுத்துப் போத்தலில் போட்டு பிறிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளில் அடுத்த மாவுக்குள் கரைத்துவிட்டால் ஒரு சிட்டிகை ஈஸ்ட் காணும், இரவு பிசைந்து விடியச் சுடலாம். அப்பத்துக்குக் கள்ளு விடுகிறவர்கள் பாணுக்கும் விடலாம், தண்ணீரில் பாதிக்குக் கள்ளு, மணம் கொஞ்சம் வரும், அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள். பேக்கரி ரகசியம் என்று பெயரில்லாத வெள்ளைத் தூள் விற்க வருவார்கள். வீட்டுப் பாணுக்கு அது எதற்கு?

மாரியில் சுட்ட பாண் இரண்டாம் நாள் உள்ளே பிசுபிசுத்து, பிய்த்தால் நூல் இழுத்து, பழுத்த அன்னாசி மாதிரி மணந்தால் அது பழசாகிய பாண் அல்ல, ஒரு கிருமி பிடித்த பாண், அதை வெட்டி எடுத்துச் சாப்பிடவும் கூடாது. அடுத்த முறை 1 கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி தண்ணீரோடு சேருங்கள், தகரத்தையும் வினாகிரித் தண்ணீரில் கழுவுங்கள். சுட்டதைச் சூட்டோடு பையில் கட்டாமல், முழுக்க ஆறிய பிறகு துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் நல்லாய் இருக்கும். மாமிக்கு அந்த 5 கிலோவில் இடியப்பம் அவித்துக் கொடுங்கள்.