மணல்மேடுகளுக்கு நடுவே ஓர் இரவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் நாங்கள் நால்வர் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் சென்று, அங்குள்ள மணல்மேடுகளுக்கு நடுவே சொந்தக் கூடாரத்தில் ஓர் இரவு தங்க விரும்புகிறோம். பாலக்காட்டு வெயிலில் வளர்ந்தவர்களாதலால் வெப்பம் எங்களுக்குப் பழக்கம். வேறு எதற்கு ஆயத்தமாக வேண்டும்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: குளிருக்கு. பாலைவனம் என்றவுடன் நம் மனத்தில் வெயில்தான் எழுகிறது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் ஜெய்சல்மேரில் இரவு வெப்பநிலை 5 டிகிரி அளவுக்கும் இறங்குவதுண்டு. அங்கே காற்றில் ஈரமும் வானில் மேகமும் குறைவு. மணலோ வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தாது. எனவே பகலில் மேற்பரப்பு வாங்கிய சூடு, பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே வானுக்குப் போய்விடுகிறது. டிசம்பரில் இரவின் நீளமும் அங்கே 13 மணி நேரத்துக்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள்.

மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடியிலிருந்து ஏறும் குளிரே உறக்கத்தைக் கெடுக்கும். ஆகவே ஒரு கோரைப்பாய், அதன் மேல் கனத்த ஜமுக்காளம், அதன் மேல் ஸ்லீப்பிங் பேக் என்று விரித்துக்கொள்ளுங்கள். கூடாரத்தை முற்றிலும் மூடிவிட்டால் மூச்சின் ஈரமே உட்புறத்தில் நீராகப் படிந்து விடியலில் சொட்டும் என்பதால், காற்றோட்டத்துக்குச் சிறிது இடைவெளி விடுங்கள்.

கூடாரம் போடும் இடத்தைத் தேர்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். மணல்மேட்டின் உச்சி கண்ணுக்கு அழகானது. ஆனால் காற்று எழுந்தால் முதலில் மணல் பறப்பது அங்கேதான். கணவாய்க் காற்றோடு வாழும் உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மேடுகளுக்கிடையே உள்ள ஆழமான பள்ளத்திலோ இரவில் குளிர்ந்த காற்று வந்து தேங்கும். காற்று ஏறி வரும் பக்கம் சரிவு குறைந்து மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் ஏறத்தாழ 34 பாகைச் செங்குத்தில் மணல் சரிந்தபடி இருக்கும். அந்தச் செங்குத்துப் பக்கத்தின் அடிவாரத்தை விட்டுத் தள்ளி, பள்ளத்தைவிடச் சற்றே உயர்ந்த சமதரையே நல்ல இடம். சாதாரண முளைகள் மணலில் நிற்காது. துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் கூடாரம் அசையாது.

ஜெய்சல்மேரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேடுகளில் விடுதிக் கூடாரங்களும் ஒலிபெருக்கிகளும் மிகுதி. அமைதி வேண்டுமென்றால் தென்மேற்கே உள்ள கூரி கிராமத்தை நாடுங்கள் என்பேன். அப்பகுதியில் பாலைவனத் தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் என்னும் பறவையின் கடைசிப் புகலிடங்களுள் அது ஒன்று. பாகிஸ்தான் எல்லையை நெருங்கும் இடங்களுக்குத் தனி அனுமதியும் தேவை. ஆதலால் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்காமல், ஊரார் ஒருவரைத் துணைக்கொண்டு அவர் காட்டும் இடத்தில் தங்குங்கள். குடிநீர் ஆளுக்கு 5 லிட்டராவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: குளிர் காய அங்கே கிடைக்கும் விறகை வெட்டி எரிக்கலாமா? பாம்பு அண்டாமலிருக்கவும் தீ உதவுமல்லவா?
- வாசகர், நகரி

பதில்: வெட்டவே கூடாது. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அங்கே கேஜ்ரி. ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. அதன் காய் மனிதருக்கும் தழை ஆட்டுக்கும் உணவு. 1730ஆம் ஆண்டில் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அரண்மனைக்காக இம்மரங்களை வெட்ட வந்தபோது, அவ்வூர்ப் பெண் அம்ரிதா தேவியைத் தொடர்ந்து பிஷ்னோய் சமூகத்து மக்கள் 363 பேர் மரங்களைத் தழுவி நின்று உயிர் கொடுத்தார்கள். அந்த மண்ணில் ஒரு கிளையை ஒடிப்பதற்கும் நம் கை கூச வேண்டும்.

பாம்புக்குத் தீ காவலாகாது. மணற்பாங்கில் சுருட்டை விரியன் உண்டு. குளிர்காலத்தில் அதன் நடமாட்டம் குறைவென்றாலும், இரவில் டார்ச் இல்லாமல், செருப்போடு மட்டும் வெளியே நடக்காதீர்கள். காலணியைக் காலையில் உதறிவிட்டே அணியுங்கள். கடித்துவிட்டால் கீறுவதோ கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்; அதற்கும் ஊரார் துணையும் வண்டியும் அருகிலிருப்பது அவசியம்.

கேள்வி: இரவில் வழி தவறினால் திசையை எப்படி அறிவது?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: காற்றில் காலடித் தடம் அழிந்துவிடும், மேடுகளும் ஒன்றைப்போலவே ஒன்று தோன்றும். அதனால் கூடார உச்சியில் ஒரு சிறு விளக்கைக் கட்டி, அது கண்ணில் படும் எல்லைக்குள் நடப்பதே நல்லது. தெளிந்த வானில் துருவ நட்சத்திரம் உதவும். பாலக்காட்டில் அது 11 பாகை உயரத்தில் தென்னை மட்டைகளுக்குள் மறைந்துவிடுகிறது; ஜெய்சல்மேரில் 27 பாகை உயரத்தில் தடையின்றித் தெரியும். அமாவாசையை ஒட்டிச் சென்றால் மார்கழித் தொடக்கத்தில் இரவு 11 மணியளவில் கார்த்திகை மீன்கூட்டம் ஏறக்குறைய உங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும்.